வைத்தியபீடத்தின் வாசல் யாருக்கு?

மாளிகாவத்தைத் தொடர்மாடிகளிலிருந்து கின்சி வீதியிலுள்ள கொழும்பு வைத்தியபீடத்துக்கு நடந்தே போய்விடலாம். மருதானையைக் கடந்து பொரளைப் பக்கமாகத் திரும்பினால், அரை மணிக்குச் சற்றே கூடிய நடை. 1870 இல் தொடங்கிய அந்த வைத்தியக் கல்லூரியின் முன்றலில், அதன் அதிபராயிருந்த கொக் என்பாரின் நினைவாக 1881 இல் எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம் இன்றும் நிற்கிறது. எமது பகுதி மக்கள் அதனை அறியாதவர் அல்லர். பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அதனைக் காண்கிறார்கள். நோயாளியாகப் போவதற்கு விண்ணப்பப் பத்திரம் வேண்டியதில்லை, வெட்டுப்புள்ளியும் இல்லை. அந்த வாசலுக்குள் மாணவராகப் புகுவதற்குத்தான் அரை மணி நேர நடை ஓர் ஆயுட்கால நடையாக நீண்டுவிடுகிறது.

இவ்வட்டாரத்துப் பாடசாலை ஒன்றிற் பத்து ஆண்டுகளுக்கு மேலாக நாம் தமிழ் கற்பித்து வருகிறோம். இரசாயனமோ உயிரியலோ எமது துறை அன்று. ஆயினும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் காலையில், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்துக்கொண்டு முதலில் எம்மிடமே பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ் வாத்தியார் எழுத்து விளங்கியவர், ஆகவே இதையும் விளக்குவார் என்பது அவர்களது நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுக்கும் விடை ஆண்டுக்காண்டு எம்மையே வெட்கப்படுத்துகிறது. அந்த வெட்கத்திலிருந்தே இக்கட்டுரை பிறக்கிறது.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். வாப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை. உம்மா விடியற்புறத்தில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். தொடர்மாடியில் ஓர் அறையும் ஒரு குசினியும். அதற்குள் ஏழு பேர். இந்தப் பிள்ளை உயிரியற் பிரிவில் தமிழ்மொழி மூலம் கற்றாள். கற்ற இரண்டு ஆண்டில் ஓராண்டுக்கு மேல் அவளுடைய பாடசாலையில் இரசாயனவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. ஆய்வுகூடத்துக்குக் கட்டடம் இருந்தது. கண்ணாடிக் குழாய்களும் இருந்தன. அவற்றிற் போடுவதற்கு எதுவும் இருக்கவில்லை. வெள்ளவத்தையில் ரியூசன் வகுப்புக்குப் போனாள். பணம் இல்லாத மாதங்களிற் போகவில்லை. பரீட்சை எழுதினாள். இரண்டாம் முறையும் எழுதினாள். இரண்டாம் முறை பெற்ற இசட் புள்ளி மிக நன்று. நாட்டின் வேறு பல மாவட்டங்களில் அந்தப் புள்ளி அவளை வைத்தியபீடத்துக்குள் கொண்டுபோய் விட்டிருக்கும். கொழும்பு மாவட்டத்தில் அது போதவில்லை.

“சேர், நான் கொழும்புப் பிள்ளையா?” என்று அவள் எம்மிடம் கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்ட கேள்வியன்று. அதற்கு விடை காண்பதற்கு இந்த நாட்டின் அனுமதி முறையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்றது அரசு. உலகின் பல வளமிக்க நாடுகளும் செய்யத் துணியாத காரியம் அது. ஆனால் கதவைத் திறந்தவர்கள் கதவுக்கு வரும் பாதையைச் சமப்படுத்தவில்லை. நல்ல ஆய்வுகூடங்களும் நல்ல ஆசிரியர்களும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேறு சில நகரங்களிலுமுள்ள பெருங் கல்லூரிகளிலேயே குவிந்து கிடந்தன. வைத்தியபீடத்துக்குள் போனவர்களும் பெரும்பாலும் அக்கல்லூரிகளின் பிள்ளைகளே.

இதனைத் திருத்துகிறோம் என்று 1970 இல் வந்த அரசு செய்தது என்ன? 1971 ஆம் ஆண்டு அனுமதியில் மொழியை அளவுகோலாக்கியது. மொத்தம் 400 புள்ளிக்கு வைத்தியத்துறைக்குப் புகத் தமிழ்மொழி மூல மாணவனுக்கு 250 வேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவனுக்கு 229 போதுமாயிருந்தது. வறுமை எந்த மொழியிற் பேசுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்பாந்தோட்டைச் சேனைப் பயிர்க்காரனின் மகனுக்கும் கொழும்பு ஏழில் வாழ்ந்த சிங்களப் பெருந்தனக்காரனின் மகனுக்கும் ஒரே சலுகை. மன்னாரில் மீன் பிடிப்பவனின் மகனுக்கும் கொழும்பு வாழ் தமிழ்ச் சட்டத்தரணியின் மகனுக்கும் ஒரே தண்டனை. இதனை அநீதி என்று அன்றும் சொன்னார்கள். இன்றும் சொல்ல வேண்டும். அந்த அநீதியின் வடு இந்த நாட்டின் உடலில் எத்தகைய புண்ணாக வளர்ந்தது என்பதை எழுதி விளக்க வேண்டியதில்லை.

1974 இல் மாவட்டப் பங்கீடு வந்தது. மொழிவாரித் தரப்படுத்தல் 1977 ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தை ஒட்டிக் கைவிடப்பட்டது; மாவட்டப் பங்கீடு பல உருவங்களில் நிலைத்தது. இன்று வைத்தியம் உட்பட விஞ்ஞானத் துறைகளின் இடங்களில் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமை வரிசைப்படியும், 55 மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 கல்வி வசதியிற் பின்தங்கியவை என அறிவிக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. 2001 ஆம் ஆண்டையொட்டி இசட் புள்ளி புகுத்தப்பட்டது. ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து எல்லாரது சராசரியையும் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்பது அதன் வழி. கணிதமாக அதிற் பிழையில்லை. பிழை நேர்ந்தது, கணிதத்தைக் கையாண்டவர்களால். 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து கணித்தார்கள். 2012 இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பைத் தள்ளிவிட வேண்டி வந்தது.

மாவட்டப் பங்கீட்டை நாம் எதிர்க்கிறோமா? இல்லை. இதனை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவைக்க விரும்புகிறோம். வெள்ளவத்தைத் தேநீர் மேசைகளில் இந்தப் பங்கீட்டைத் தூற்றுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. ‘திறமைக்கே முதலிடம்’ என்கிறார்கள். இத்திறமை எங்கே விளைகிறது என்று அவர்களைக் கேளுங்கள். பாடசாலைக்கு ஒரு கட்டணம், ரியூசனுக்கு மூன்று கட்டணம், வீட்டில் தனியறை, காரில் கொண்டுபோய் விடத் தகப்பன், முன்னைய பதினைந்து ஆண்டுகளின் வினாத்தாள்களைக் கட்டிக் கொடுக்கத் தாய். இத்தனையும் சேர்ந்து விளைவித்த பயிருக்குத் திறமை என்று பெயர் சூட்டுகிறார்கள். வன்னியில் எண்ணெய் விளக்கில் படித்தவனின் பயிர் சற்றுக் குறைந்தால் அதற்கு மந்தம் என்று பெயர். 1974 இற்குப் பின் முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் மொனறாகலையிலிருந்தும் பிள்ளைகள் வைத்தியபீடத்தின் படியேறினார்கள் என்றால், அது பங்கீட்டினாலேயே. அதனை அழிக்க வேண்டும் என்பவர்களோடு எமக்கு உறவில்லை.

எமது வழக்கு வேறு. மாவட்டம் என்பது நிலப்படத்திற் கீறிய ஒரு கோடு. அக்கோட்டுக்குள் வாழ்பவர் எல்லாரும் ஒரே வசதியுடையவர் என்று அரசு கருதிக்கொள்கிறது. கொழும்பு மாவட்டத்தில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். கறுவாத்தோட்டத்து மாளிகையும் இதே மாவட்டம். மாளிகாவத்தைத் தொடர்மாடியும் இதே மாவட்டம். பெயரில் மாளிகை இருக்கிறது என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒற்றுமை ஏது? நாட்டின் மிகச் செல்வாக்கான கல்லூரிகளிற் பயின்று, மிகச் சிறந்த ரியூட்டரிகளில் உருவேற்றப்பட்டவர்களோடு எமது நாட்டாமையின் மகள் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறாள். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 விழுக்காட்டிலும் அவளுக்கு இடமில்லை. கொழும்பு எப்படிப் பின்தங்கியதாகும்? ஆகவே அவள் ஏழையாக வாழ்ந்து, செல்வந்தராக மதிப்பிடப்படுகிறாள்.

இப்பகுதியின் வறுமையை நாம் மிகைப்படுத்துகிறோம் என்று ஐயுறுபவர்கள் 2020 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் நாளை நினைத்துக்கொள்ளட்டும். கொரோனா முடக்கத்தின் நடுவே, றமழான் மாதத்தில், மாளிகாவத்தையில் ஒருவர் ஏழைகளுக்குப் பணம் பகிர்ந்தார். சொற்பத் தொகைக்காகத் திரண்ட கூட்ட நெரிசலில் மூன்று பெண்கள் மிதிபட்டு இறந்தார்கள். அந்தப் பெண்களும் புள்ளிவிவரத்தில் கொழும்பு மாவட்டத்தவரே. நாட்டின் மிக முன்னேறிய மாவட்டத்தவரே.

இந்த முறையின் ஓட்டையைப் பணமுள்ளவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். ஒரு பிள்ளையை எந்த மாவட்டத்தவராகக் கொள்வது என்பது, பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலையிற் பயின்றார் என்பதைப் பொறுத்தது. ஆகவே வெட்டுப்புள்ளி தாழ்ந்த மாவட்டமொன்றிற் பெயரைப் பதிந்துகொள்வது ஒரு தொழிலாகவே நடக்கிறது. நுவரெலியா மாவட்டத்துக்கு உரிய இடங்களை வெளியார் வந்து கொண்டுபோகிறார்கள் என்று மலையகத்துப் பெற்றோர் ஆண்டாண்டாக முறையிடுகிறார்கள். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கென்று அமைந்த ஏணியில் வேறொருவர் ஏறுகிறார். எமது மாணவியின் வாப்பாவிடமும் ஒருவர் இந்த வழியைச் சொன்னாராம். வேறு மாவட்டத்தில் வீடு எடுக்கவும், இரண்டாண்டு அங்கே பிள்ளையை வைத்துப் பார்க்கவும் ஆகும் செலவைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன மறுமொழி: “அவ்வளவு காசு இருந்தால் நாங்கள் ஏன் ஏழை?” கள்ள வழிக்கும் முதல் வேண்டும். முறையின் நேர்வாசலும் பணக்காரருக்கு, பின்வாசலும் பணக்காரருக்கு.

இனி, மூன்றாவது வாசலைப் பார்ப்போம். அது பணத்தினால் நேரே திறக்கும் வாசல். 1981 இல் வடகொழும்பு வைத்தியக் கல்லூரி கட்டணக் கல்லூரியாகத் தொடங்கியது; மாணவர் போராட்டங்களுக்குப் பின் 1989 இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது; அதுவே பின்னர் களனிப் பல்கலைக்கழக வைத்தியபீடமாயிற்று. பாடம் படித்திருக்க வேண்டும். ஆனால் இருபது ஆண்டு கழியுமுன் மாலபேயில் சைட்டம் வந்தது. அதன் பட்டத்தை ஏற்பதா மறுப்பதா என்று 2017 இல் நாடே இரண்டுபட்டு நின்றது. மருத்துவ பீடங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2018 இல் அந்த நிறுவனம் முடிவுக்கு வந்து அதன் மாணவர் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டனர். இவற்றையெல்லாம் விட எளிய வழியும் உண்டு. சீனத்துக்கோ ருசியாவுக்கோ வங்காளதேசத்துக்கோ பிள்ளையை அனுப்பிப் பட்டம் பெறச் செய்து, திரும்பி வந்து மருத்துவப் பேரவையின் பரீட்சை எழுத வைப்பது. அப்படி உழைத்துத் தேறி வந்தவர்களில் நல்ல வைத்தியர் பலர் உள்ளனர். அவர்களை நாம் பழிக்கவில்லை. எமது கேள்வி ஒன்றே. எமது மாணவியைவிடக் குறைந்த புள்ளி பெற்ற ஒருவர், தகப்பனின் வங்கிப் புத்தகத்தின் பலத்தால் வைத்தியராகலாம் என்றால், ‘திறமைக்கே முதலிடம்’ என்று முழங்கிய தேநீர் மேசைகள் அப்போது மட்டும் ஏன் மௌனம் சாதிக்கின்றன? பங்கீட்டினால் ஓர் ஏழை உட்புகுந்தால் தரம் கெடும். பணத்தினால் ஒரு பணக்காரர் உட்புகுந்தால் கெடாது. இது தரத்தின் மீதுள்ள பற்றா, வர்க்கத்தின் மீதுள்ள பற்றா?

அண்மையில் இன்னொரு குரலையும் கேட்கிறோம். புள்ளியை மட்டும் பார்த்தால் மனிதப் பண்பு தெரியாது. மேல்நாடுகளிற் போல நேர்முகப் பரீட்சை வேண்டும் என்பது அக்குரல். கேட்கச் செவிக்கு இனிமையாகவே இருக்கிறது. இரக்கமுள்ளவரை, பொறுமையுள்ளவரைத் தெரிந்தெடுக்கலாமாம். எமது நாட்டு அரசாங்க வைத்தியபீடங்களுக்கு இன்று நேர்முகப் பரீட்சை இல்லை; இல்லாதிருப்பதே நன்று என்று நாம் வாதிடுவோம்.

மேல்நாட்டு வரலாற்றையே சாட்சிக்கு அழைப்போம். 1920, 1930 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வைத்தியக் கல்லூரிகள் பல, யூத மாணவரின் தொகையைக் குறைக்க விரும்பின. பரீட்சையில் அவர்களைத் தோற்கடிக்க முடியவில்லை. எனவே ‘குணநலன்’, ‘ஆளுமை’ என்ற சொற்களைக் கண்டுபிடித்தார்கள். நேர்முகத்தில் அச்சொற்களால் அவர்களை வெளியே தள்ளினார்கள். இலண்டனிலுள்ள சென் ஜோர்ஜஸ் வைத்தியக் கல்லூரியிலோ, யாரை நேர்முகத்துக்கு அழைப்பது என்று தெரிந்தெடுக்கும் வேலையை 1980 ஆம் ஆண்டுகளில் ஒரு கணினியிடம் ஒப்படைத்தார்கள். பெண்களுக்கும் ஐரோப்பியர் அல்லாத பெயருடையோருக்கும் அது புள்ளி குறைத்தது. பழைய தெரிவாளர்கள் செய்து வந்ததையே அது கற்றுக்கொண்டிருந்தது. 1988 இல் இனச் சமத்துவ ஆணைக்குழு அக்கல்லூரியைக் குற்றவாளியாகக் கண்டது. பெயரைப் பார்த்தே வாசலை மூடிய அறிவாளிகளின் முறையை, பெயரைப் பார்த்தே வீடு வாடகைக்குக் கொடுக்கத் தயங்கும் இந்த நாட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா?

கடல் கடந்து வெகுதூரம் போகவும் வேண்டாம். அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் வைத்தியக் கல்லூரி அனுமதிக்கு நேர்முகப் புள்ளிகள் ஒருகாலத்தில் இருந்தன. அப்புள்ளிகள் வழங்கப்பட்ட விதம் பற்றிய பெரியகருப்பன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அம்முறையின் குறைகளைக் கண்டித்தது. அதற்குச் சில ஆண்டு முன்னர், 1968 இல், ராஜேந்திரன் வழக்கில், சென்னை அரசு வைத்தியக் கல்லூரி இடங்களை மாவட்டவாரியாகப் பகிர்ந்ததையும் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. அங்கே 1968 இல் தள்ளப்பட்ட மாவட்ட அளவுகோலையே இங்கே 1974 இற் கையிலெடுத்தார்கள் என்பது சிந்திக்கத் தக்கது. மாவட்டம் என்ற எல்லைக்கும் ஒருவரின் பின்தங்கிய நிலைக்கும் இயல்பான தொடர்பு உண்டா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. அக்கேள்வியை நாம் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

எமது மாணவி நேர்முகப் பரீட்சை அறைக்குள் நுழைவதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பெரிய மேசை, அதற்கப்பால் மூன்று பெரியவர்கள். ஆங்கிலத்திற் கேள்வி. “ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்?” இடியப்ப மா பிசைவேன் என்று சொல்ல அவளுக்கு ஆங்கிலம் வராது, வந்தாலும் சொல்ல மாட்டாள். பியானோ வாசிப்பேன், தொண்டர் அமைப்பிற் சேவை செய்வேன் என்று அடுத்துவரும் பிள்ளை சொல்லும். ஏழு பேர் வாழும் அறையில் நோயுற்ற பாட்டியைப் பத்து ஆண்டு பராமரித்தது சேவையாகக் கணக்கெடுக்கப்படுமா? அதற்குச் சான்றிதழ் யார் கொடுப்பார்? புள்ளியாவது குருடு. நேர்முகத்துக்குக் கண் உண்டு. அக்கண் பார்ப்பது சப்பாத்தை.

ஆனால் கண்டிப்பதோடு நின்றால் நாமும் தேநீர் மேசைக்காரரே. என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எமது விடையைச் சொல்கிறோம்.

முதலாவது, மாவட்டத்தோடு பாடசாலையையும் அளவுகோலாக்க வேண்டும். எந்தப் பாடசாலை எவ்வளவு வசதியுடையது என்பதை அரசு அறியாததன்று. உயர்தர விஞ்ஞானம் உள்ளவை, கலை வர்த்தகம் மட்டும் உள்ளவை, கீழ் வகுப்புகளோடு நிற்பவை என்று கல்வி அமைச்சே பாடசாலைகளை வகுத்து வைத்திருக்கிறது. எங்கே எத்தனை விஞ்ஞான ஆசிரியர், எங்கே எத்தனை வெற்றிடம் என்ற கணக்கும் அதன் கோவைகளில் இருக்கிறது. அக்கோவைகளைத் திறந்து, ஒவ்வொரு மாவட்டத்தின் பங்குக்குள்ளும் ஒரு பகுதியை வசதி குறைந்த பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு ஒதுக்கட்டும். இது நடவாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்து அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200 இற்கு 1176 புள்ளி பெற்றும், புதிதாகப் புகுத்தப்பட்ட நீட் என்னும் நுழைவுத் தேர்வினால் வைத்தியக் கல்லூரி வாசல் அடைபட்டு, 2017 இல் உயிர் துறந்தாள். அந்த நெருப்பில் எழுந்த கிளர்ச்சியின் பின், 2020 இல் அங்கு ஒரு சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பாடசாலையிற் பயின்றவர்களுக்கு வைத்தியக் கல்லூரி இடங்களில் 7.5 விழுக்காடு. 2022 இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் அதன் வழியே புகுகிறார்கள். அங்கே அளவுகோல் ஊரன்று, பாடசாலை. அங்கும் ஒரு நாட்டாமையின் மகள் உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த விலையை இங்கும் கொடுத்த பின்னர்தான் விழித்துக்கொள்ள வேண்டுமா?

இரண்டாவது, பங்கீடு என்பது மருந்து, உணவன்று. மத்திய கொழும்பின் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் இரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் உயிரியலுக்கும் நிரந்தர ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் இல்லாமையால் இப்பகுதிப் பெற்றோர் பலர் பிள்ளைகளைச் சிங்களமொழி மூலத்துக்கு மாற்றுகிறார்கள்; மாற்ற முடியாதவர்கள் கலைப் பிரிவோடு நிற்கிறார்கள். தமிழ் கற்பிக்கும் எம்மிடம் வகுப்பு நிறைய மாணவர் இருப்பதைக் கண்டு ஒருகாலத்தில் நாம் மகிழ்ந்ததுண்டு. அவர்களிற் பாதிப்பேர் தமிழின் மீதுள்ள காதலால் வரவில்லை, விஞ்ஞான வகுப்பின் கதவு பூட்டியிருந்ததால் வந்தார்கள் என்று பின்னரே உணர்ந்தோம். அத்தகைய கூட்டத்தால் தமிழ் வாழாது.

மூன்றாவது, வாசலுக்குள் போனபின் காத்திருக்கும் மொழிச்சுவர். வைத்தியபீடங்களிற் போதனை ஆங்கிலத்தில். தாய்மொழியில் பதின்மூன்று ஆண்டு பயின்ற பிள்ளை முதல் ஆண்டிலேயே திக்குமுக்காடுகிறது. தாய்மொழியில் வைத்தியம் கற்பிக்கவே முடியாது என்று கூறுவோருக்கு மானிப்பாயை நினைவூட்டுகிறோம். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அவரிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டோர். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஓர் அந்நியர் செய்ததை இன்று முழுமையாகச் செய்க என்று நாம் கேட்கவில்லை. உலக அறிவுக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை நாமும் ஒப்புகிறோம். அந்த ஆங்கிலத்தைப் பல்கலைக்கழகம் கற்பித்துச் சேர்க்கட்டும். வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று எதிர்பாராதிருக்கட்டும்.

இது ஒரு பிள்ளையின் உத்தியோகம் பற்றிய பிரச்சினையன்று. மாளிகாவத்தையிலேதான் நாட்டின் சிறுநீரக நோய்க்கான தேசிய வைத்திய நிறுவனம் இருக்கிறது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தமிழ் பேசும் நோயாளர் இங்கு வருகிறார்கள். தன் வருத்தத்தைத் தன் மொழியில் ஒரு வைத்தியரிடம் சொல்ல முடியாத ஒரு தாய், வார்டில் அருகிருப்பவரின் முகத்தைப் பார்க்கிறாள். யாராவது மொழிபெயர்ப்பார்களா என்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வைத்தியர் பெருந்தொகையாக நாட்டை விட்டுப் போனார்கள். போனவர்களை நாம் தூற்றவில்லை. ஆனால் நோயாளியின் தெருவிலிருந்தே ஒரு வைத்தியரை உருவாக்கினால், அத்தெருவோடு அவருக்கு ஒரு கடன் இருக்கும் என்று எண்ணுவது மூடத்தனமா?

இறுதியாக எம்மவரிடமும் சில சொற்கள். அருகே மருதானையில் ஸாஹிராக் கல்லூரி 1892 இல் எழுந்தபோது, கல்வியே விடுதலை என்று சித்திலெப்பை போன்றோர் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார்கள். அவர்களின் வழிவந்த நாம் இன்று என்ன செய்கிறோம்? வைத்தியர் மாப்பிள்ளைக்கு விலை பேசுகிறோம். ஒருவர் வைத்தியபீடத்துக்குத் தெரிவானால் மாலை போட்டுப் படம் எடுத்துச் சுவரில் ஒட்டுகிறோம். தெரிவாகாத தொண்ணூற்றொன்பது பேருக்கு என்ன குறை நேர்ந்தது என்று ஒரு கூட்டமேனும் கூட்டுவதில்லை. தரப்படுத்தல் தமிழருக்கு இழைத்த தீங்கைப் பற்றி ஐம்பது ஆண்டாக எழுதும் பேனாக்கள், மாளிகாவத்தைப் பிள்ளைக்கும் நுவரெலியாத் தோட்டத்துப் பிள்ளைக்கும் இன்று இழைக்கப்படும் தீங்கைப் பற்றி எழுத மையின்றி வற்றிவிடுகின்றன. நமது அநீதியை மட்டும் அநீதி என்பவன் நீதி கேட்கவில்லை, பங்கு கேட்கிறான்.

ஆசிரியராகிய எம்மையும் விட்டுவிட முடியாது. வெற்றிடம் நிரப்பப்படவில்லை என்று அதிகாரிக்குக் கடிதம் எழுதினோம், மறுமொழி வரவில்லை, மறுபடி எழுதவில்லை. அந்த மௌனத்தின் விலையை எமது மாணவி தன் இரசாயனப் புள்ளியிற் கட்டினாள்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று முறை பரீட்சை எழுதலாம். அவளுக்கு இன்னும் ஒரு முறை இருக்கிறது. பகலில் மருதானையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். வைத்தியர் எழுதும் துண்டை வாசித்து மருந்தை எடுத்துக் கொடுக்கிறாள். இரவிற் படிக்கிறாள். வாப்பாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று அவசரம். உம்மா இன்னும் ஓராண்டு பொறுக்கச் சொல்கிறார். போன கிழமை எம்மிடம் வந்து கைநூலைத் திரும்பக் கேட்டாள். கொடுத்தோம்.

“சேர், நான் கொழும்புப் பிள்ளையா?” என்ற அவளது கேள்விக்கு இப்போது எம்மால் விடை சொல்ல முடியும். பிள்ளையே, நீ கொழும்பில் பிறந்தாய். ஆனால் கொழும்பு என்று அவர்கள் கணக்கெடுப்பதில் உனக்கு எதுவும் கிடைத்ததில்லை. உன் பெயரால் அந்த வரிசையை நிரப்புகிறார்கள். உன்னை அந்த வாசலில் நிறுத்துகிறார்கள். இந்தக் கணக்கைத் திருத்த வேண்டியவள் நீ அல்ல. ஓட்டுக் கேட்டு உன் தொடர்மாடிப் படிகளில் ஏறி வருபவர்களும், கோவைகளை வைத்திருப்பவர்களும், பேனா வைத்திருக்கும் நாமும் அதனைத் திருத்த வேண்டும். மூன்றாம் முறையும் நீ எழுது. நாமும் எழுதுகிறோம், இம்முறை மறுமொழி வரும் வரை எழுதுகிறோம்.